கைப்பேசியின் மறைமுகச் செலவு: பின்னணித் தரவும் அதைக் குறைக்கும் வழிகளும்

திரை இருண்ட நிலையில், எவரும் தொடாமல் கிடக்கும் கைப்பேசி முற்றும் ஓய்ந்திருப்பதாகவே காண்பவருக்குத் தோன்றும். உண்மை அதுவன்று. அருகிலுள்ள கோபுரத்துடன் அது இடையிடையே தொடர்புகொண்டவண்ணம் இருக்கிறது. அதில் நிறுவப்பெற்ற செயலிகளுட் பல, தத்தம் நிறுவனங்களின் கணினிகளுக்குச் செய்திகளை அனுப்புகின்றன. அங்கிருந்து செய்திகளைப் பெறுகின்றன. மக்கள் 'டேட்டா' என்று வழங்கும் தரவு இதற்காகச் செலவாகிறது. ஒரு செயலியை உபயோகிப்பவர் திறந்து பாராத வேளையில் அச்செயலி செலவிடும் தரவையே பின்னணித் தரவு என்று கூறுகிறோம்.

நம் நாட்டில் மிகப் பெரும்பாலோர் முன்கட்டணத் திட்டங்களிலேயே கைப்பேசியை உபயோகிக்கின்றனர். நாளொன்றுக்கு 1 ஜிகாபைட், 1.5 ஜிகாபைட், 2 ஜிகாபைட் என்று அளவு வரையறுக்கப்பட்ட திட்டங்களே அவற்றுள் மிகுதி. அன்றைய அளவு தீர்ந்துவிட்டால் இணைப்பு அறுந்துபோவதில்லை. ஆயின் பல திட்டங்களில் அதன் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுகிறது. இவ்வேகத்தில் விநாடிக்கு 8 கிலோபைட் அளவே வந்து சேரும். 1 மெகாபைட் வருவதற்கு 2 நிமிடங்களுக்கு மேலாகும். படங்களும் கட்டங்களும் நிறைந்த 3 மெகாபைட் அளவுள்ள ஒரு விண்ணப்பப் பக்கம் முழுமையாகத் தோன்றுவதற்கு 6 நிமிடங்களுக்கு மேலாகும். அதற்குள் அப்பக்கத்தின் காலவரம்பே கடந்துபோதல் கூடும்.

இதனால் விளையும் இடர் சிறியதன்று. தேர்வு விண்ணப்பத்தைக் கடைசி நாள் மாலையில் அனுப்ப முற்படும் மாணவருக்கும், மருத்துவமனையில் முன்பதிவு செய்ய வேண்டியவருக்கும், கடையில் பணம் செலுத்த நிற்பவருக்கும் அந்த வேளையில் வேண்டுவது சில மெகாபைட் தரவே. அச்சில மெகாபைட்டும் அவர் அறியாமலே காலையில் செலவாகிவிட்டிருக்குமாயின், அவர் பணம் கொடுத்து வாங்கிய பொருள் அவருக்கே உதவாமற்போகிறது. வீட்டிற்கு ஒரே கைப்பேசி உள்ள குடும்பங்களில் இவ்விழப்பு இன்னும் கடுமையானது. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையவழியே நடந்த காலத்தில், அன்றன்றைய அளவுக்குள் பாடங்களை முடித்துக்கொள்ள வேண்டிய நிலை பல மாணவர்களுக்கு ஏற்பட்டதை இங்கு நினைவுகூரலாம்.

தரவின் விலையும் அளவும்

கணினியில் எழுத்து, ஒலி, படம் ஆகிய யாவும் 0, 1 என்னும் இரு குறிகளின் வரிசையாகவே அமைகின்றன. இக்குறி ஒவ்வொன்றும் ஒரு பிட் ஆகும். 8 பிட்டுகள் சேர்ந்தது 1 பைட். ஏறத்தாழ 1,000 பைட் 1 கிலோபைட். 1,000 கிலோபைட் 1 மெகாபைட். 1,000 மெகாபைட் 1 ஜிகாபைட். இணைப்பின் வேகம் பிட்டிலும், செலவான அளவு பைட்டிலும் கூறப்படுவது வழக்கம். இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாவிடில் கணக்கு எட்டு மடங்கு பிழைபட்டுவிடும்.

நம் நாட்டில் முதலாவது கைப்பேசி அழைப்பு 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசுவால் புதுடெல்லியிலிருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்குச் செய்யப்பட்டது. அக்காலத்தில் கைப்பேசி பேசுவதற்கு மட்டுமே பயன்பட்டது. நிமிடக் கணக்கில் கட்டணம் வசூலிக்கப்பட்டது. பேசாதபோது அழைப்புக் கட்டணமும் இல்லை. எனவே செலவு எங்கே போயிற்று என்ற ஐயம் எழ இடமில்லை.

இன்றைய நிலைமை வேறு. 2014ஆம் ஆண்டில் 1 ஜிகாபைட் தரவின் சராசரி விலை ஏறத்தாழ ரூ. 269 ஆக இருந்தது. சந்தாதாரர் ஒருவர் மாதந்தோறும் உபயோகித்த சராசரி அளவு ஏறத்தாழ 62 மெகாபைட். 2016ஆம் ஆண்டிற்குப் பின்னர் ஏற்பட்ட போட்டியினால் விலை வெகுவாகச் சரிந்து, 1 ஜிகாபைட் பத்து ரூபாயையொட்டிய அளவுக்கு வந்துவிட்டது. மாதச் சராசரி உபயோகமோ 20 ஜிகாபைட்டைத் தாண்டிவிட்டது. விலை குறைந்ததும் கவனம் குறைந்தது. செயலிகளை அமைப்போரும் தரவைச் சிக்கனமாகக் கையாள வேண்டும் என்னும் கட்டாயத்தை முன்போல் உணர்வதில்லை. நாளளவு தீர்ந்துபோகும் வேளையில்தான் தரவின் அருமை புலனாகிறது.

பின்னணியில் நிகழ்வன யாவை?

பின்னணித் தரவு முழுவதும் வீண் என்று கருதுதல் கூடாது. அது ஐந்து வகைப்படும்.

முதலாவது, அறிவிப்பு. செய்தி வந்துள்ளது, இணையவழி அழைப்பு வருகிறது என்பன போன்றவற்றைக் கைப்பேசி உடனுக்குடன் அறிவிப்பதற்கு இத்தொடர்பு தேவை. இதற்கு ஆகும் தரவு மிகச் சொற்பம்.

இரண்டாவது, ஒத்திசைவு. மின்னஞ்சல், நாட்காட்டி, தொடர்பு எண்கள், எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றின் நகலை நிறுவனத்தின் சேமிப்பகத்திலும் கைப்பேசியிலும் ஒன்றுபோல வைத்திருக்கும் செயல் இது. எழுத்துக்களை ஒத்திசைக்கக் குறைந்த தரவே போதும். ஒளிப்படங்களையும் காணொளிகளையும் ஒத்திசைப்பதற்குப் பெருமளவு தரவு வேண்டும்.

மூன்றாவது, புதுப்பிப்பு. செயலிகளின் திருத்திய பதிப்புகளும், கைப்பேசியின் இயக்க அமைப்புக்குரிய திருத்தங்களும் இதில் அடங்கும்.

நான்காவது, முன்கூட்டிய பதிவிறக்கம். உபயோகிப்பவர் பின்னர் பார்க்கக்கூடும் என்ற ஊகத்தில் செய்திப் படங்களையும் காணொளிகளையும் செயலி முன்னதாகவே கொணர்ந்து வைத்துக்கொள்கிறது. அவர் பாராவிட்டால் அத்தனையும் வீணே.

ஐந்தாவது, விளம்பரமும் அளவீடும். எந்தச் செயலி எப்போது திறக்கப்பட்டது, கைப்பேசி எவ்விடத்தில் உள்ளது, எவ்விளம்பரம் காட்டப்பட்டது என்பன போன்ற விவரங்களை நிறுவனங்களுக்கு அனுப்புதல் இவ்வகையைச் சேரும். இதனால் பெரும் பயன் அடைவது நிறுவனமே. செலவை ஏற்பவரோ கைப்பேசியின் உரிமையாளர்.

ஆகவே, எச்செயலி யாருக்காகத் தரவைச் செலவிடுகிறது என்பதைக் கண்டறிவதே சிக்கனத்தின் முதற் படியாகும்.

ஒரே தபால்காரர்: அறிவிப்புச் சேவையின் அமைப்பு

புதிய செய்தி வந்துள்ளதா என்பதை ஒவ்வொரு செயலியும் தானே சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டறிவது ஒரு முறை. தபால் வந்திருக்கிறதா என்று கேட்பதற்காக ஊரார் அனைவரும் மணிக்கு மணி தபால் நிலையத்திற்கு நடப்பதை இது ஒக்கும். ஒரு செயலி 5 நிமிடங்களுக்கு ஒருமுறை 20 கிலோபைட் அளவில் இவ்வாறு கேட்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 288 முறை கேட்கும், அதற்கு 5.76 மெகாபைட் ஆகும். இத்தகைய செயலிகள் இருபது இருப்பின் நாளொன்றுக்கு 115 மெகாபைட் கழியும். கேட்ட கேள்விகளுள் பெரும்பாலானவற்றிற்கு 'ஒன்றும் இல்லை' என்பதே விடையாக வந்திருக்கும்.

இதனினும் சிறந்த முறை, ஒரே தபால்காரரை அமர்த்துவதாகும். கைப்பேசி தன் இயக்க அமைப்பின் நிறுவனத்துடன் ஒரேயொரு தொடர்பைத் திறந்து வைத்துக்கொள்கிறது. எல்லாச் செயலிகளுக்குமுரிய அறிவிப்புகள் அவ்வழியே வருகின்றன. ஆப்பிள் நிறுவனம் இத்தகைய சேவையை 2009ஆம் ஆண்டிலும், கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்காக 2010ஆம் ஆண்டிலும் தொடங்கின. இச்சேவையைச் செவ்வனே உபயோகிக்கும் செயலிகளால் தரவு விரயம் குறைவு.

தரவு மட்டுமன்றி மின்கலத்தின் ஆற்றலும் இதில் சம்பந்தப்பட்டுள்ளது. கைப்பேசியின் ரேடியோப் பகுதி ஒரு செய்தியை அனுப்பியவுடன் ஓய்ந்துவிடுவதில்லை. மேலும் செய்தி வரக்கூடும் என்று சில விநாடிகள் விழிப்பு நிலையிலேயே இருந்து மின்சாரத்தைச் செலவிடுகிறது. எனவே நூறு சிறு செய்திகளைத் தனித்தனியே அனுப்புவதைவிட அவற்றை ஒன்றுசேர்த்து ஒரே முறை அனுப்புவது மின்கலத்திற்கு நன்று. பின்னணித் தரவைக் கட்டுப்படுத்திய கைப்பேசியில் மின்னேற்றம் நெடுநேரம் நிற்பதற்கு இதுவே காரணம்.

சிறு துளியும் பெரு வெள்ளமும்

உறங்கும் கைப்பேசியின் செலவு யாருடைய பொறுப்பு என்னும் வினா ஒரு நீதிமன்றத்திலும் எழுந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி உரிமையாளர்களின் சார்பில் 2019ஆம் ஆண்டு கூகுள் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடரப்பட்டது. உபயோகிக்கப்படாமல் கிடக்கும் கைப்பேசிகளிலிருந்து அந்நிறுவனம் தன் காரியத்திற்காகத் தரவைச் செலவிடுகிறது என்பதும், அத்தரவு சந்தாதாரர் பணம் கொடுத்து வாங்கிய சொத்து என்பதும் வாதிகளின் கூற்று. சோதனைக்கு வைத்த ஒரு கைப்பேசி, வாங்கியபோதிருந்த அமைப்புகளுடனேயே, நாளொன்றுக்கு 8.88 மெகாபைட் தரவை அனுப்பியும் பெற்றும் வந்ததாக அவர்கள் கூறினர். 2025ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி சான் ஹோசே நகரில் நடுவர் குழு வாதிகளின் பக்கம் தீர்ப்பளித்து, 31 கோடி டாலருக்கும் அதிகமான தொகையை நிறுவனம் வழங்க வேண்டும் என்றது. அச்சேவைகள் கைப்பேசியின் பாதுகாப்புக்கும் நல்லியக்கத்திற்கும் இன்றியமையாதவை என்று கூறிய நிறுவனம், தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வதாக அப்போது அறிவித்தது.

நாளொன்றுக்கு 8.88 மெகாபைட் என்பது மாதத்திற்கு ஏறத்தாழ 266 மெகாபைட் ஆகும். நம் நாட்டின் 2014ஆம் ஆண்டு விலைப்படி கணக்கிட்டால் அது ரூ. 70க்கு மேற்பட்ட செலவு. இன்றைய விலைப்படி மூன்று ரூபாய்க்கும் குறைவு. 1.5 ஜிகாபைட் நாளளவில் இது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. எனவே நாளளவு தீர்ந்துபோவதற்கு இச்சிறு துளிகளை மாத்திரம் காரணமாகக் கூற இயலாது. பெரு வெள்ளம் வேறு வாயில்களின் வழியாகப் புகுகிறது.

அவ்வாயில்களை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு குடும்பத்தின் கைப்பேசியில் ஒரே நாளில் பத்துச் செயலிகள் தம்மைப் புதுப்பித்துக்கொள்வதாகவும், ஒவ்வொன்றும் 60 மெகாபைட் பெறுவதாகவும் கொள்வோம். ஆகும் தரவு 600 மெகாபைட். வாட்ஸ்அப் குழுக்களில் வந்த 50 படங்கள், ஒவ்வொன்றும் 200 கிலோபைட் வீதம், 10 மெகாபைட். அதே குழுக்களில் வந்த 10 காணொளிகள், ஒவ்வொன்றும் 10 மெகாபைட் வீதம், 100 மெகாபைட். விழா ஒன்றில் எடுத்த காணொளிகள் சேமிப்பகத்திற்குத் தாமே ஏறுகையில் 300 மெகாபைட். மொத்தம் 1,010 மெகாபைட். 1.5 ஜிகாபைட் நாளளவில் மூன்றில் இரண்டு பங்கு, எவரும் எதையும் திறந்து பார்க்கும் முன்னரே தீர்ந்துவிட்டது. இக்கணக்கில் புதுப்பிப்பும் நகலேற்றமும் சேர்ந்து பத்தில் ஒன்பது பங்கு ஆகின்றன. குழுக்களில் நாள்தோறும் வரும் வாழ்த்துப் படங்களின்மீது பழி சுமத்துவது எளிது. ஆனால் அவற்றின் பங்கு நூற்றில் ஒன்றே.

இயக்க அமைப்புகளில் ஏற்பட்ட சீர்திருத்தங்கள்

இவ்விரயத்தைக் கட்டுப்படுத்தும் சாதனங்கள் படிப்படியாகக் கைப்பேசியிலேயே அமைக்கப்பட்டு வந்துள்ளன. 2011ஆம் ஆண்டில் வெளியான ஆண்ட்ராய்டு 4.0 பதிப்பில், செயலிவாரியாகத் தரவுச் செலவைக் காட்டும் பக்கமும், பின்னணித் தரவை நிறுத்தும் வசதியும் முதன்முதலாக இடம்பெற்றன. 2013ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் ஏழாம் பதிப்பில் செயலிகளின் பின்னணிப் புதுப்பிப்பை அனுமதித்ததோடு, அதை நிறுத்தும் விசையையும் உடன் வைத்தது. 2015ஆம் ஆண்டின் ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பில் 'டோஸ்' என்னும் துயில் நிலை ஏற்பட்டது. கைப்பேசி அசைவின்றியும் மின்னேற்றப்படாமலும் திரை அணைந்தும் நெடுநேரம் இருப்பின், செயலிகளின் பின்னணி வேலைகள் ஒத்திவைக்கப்பட்டு, அவ்வப்போது ஒருசேர நிறைவேற்றப்படும். 2016ஆம் ஆண்டின் ஆண்ட்ராய்டு 7.0 பதிப்பில் 'டேட்டா சேவர்' என்னும் தரவுச் சேமிப்பு விசையும், 2019ஆம் ஆண்டில் ஐபோனின் பதின்மூன்றாம் பதிப்பில் 'லோ டேட்டா மோட்' என்னும் குறைந்த தரவு நிலையும் வந்தன.

இவ்வசதிகளுள் துயில் நிலை தானாகவே இயங்கும். பிறவற்றை உரிமையாளரே தேடி இயக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலில் அளவிடுதல் வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகள் என்னும் பகுதியில் நெட்வொர்க், சிம், டேட்டா உபயோகம் என்னும் தலைப்புகளுள் ஒன்றன்கீழ் செயலிகளின் பட்டியல் காணப்படும். தயாரிப்பாளருக்கேற்பத் தலைப்பு சிறிது மாறுபடலாம். மிகுதியாகச் செலவிடும் செயலி முதலில் நிற்கும். அதைத் தொட்டால் திறந்திருந்தபோது எவ்வளவு, பின்னணியில் எவ்வளவு என்று தனித்தனியே காட்டும். ஐபோனில் மொபைல் டேட்டா என்னும் பகுதியில் செயலிவாரியான கணக்கு உண்டு. அக்கணக்கை மாதத் தொடக்கத்தில் உரிமையாளரே சுழியாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கவனித்தாலே உண்மை நிலை விளங்கும். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு செயலிகளே பெருஞ் செலவுக்குக் காரணமாக இருக்கக் காணலாம்.

இரண்டாவதாக, அச்சில செயலிகளுக்கு மட்டும் பின்னணித் தரவை நிறுத்த வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மேற்கூறிய பக்கத்திலேயே அதற்குரிய விசை உள்ளது. விளையாட்டுகள், கடைச் செயலிகள், காணொளிச் செயலிகள் முதலியவற்றிற்குப் பின்னணித் தரவு பெரும்பாலும் வேண்டியதில்லை. நிறுத்தியபின்னும் அச்செயலியைத் திறந்தால் அது வழக்கம்போல் இயங்கும்.

மூன்றாவதாக, தானியங்கும் புதுப்பிப்பை வைஃபை இணைப்பில் மட்டும் நிகழுமாறு அமைக்க வேண்டும். பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் ஆகிய இரண்டின் அமைப்புகளிலும் இதற்கு இடமுண்டு. வீட்டில் வைஃபை இல்லாதோர், நாளளவு மீந்திருக்கும் இரவு வேளையில் வாரம் ஒருமுறை தாமே புதுப்பித்துக்கொள்ளலாம். நாளளவுத் திட்டங்களில் மீந்த தரவு மறுநாளுக்குச் சேராதது பொதுவாக உள்ள வழக்கமாதலால், இவ்வேற்பாட்டில் நஷ்டம் ஏதுமில்லை.

நான்காவதாக, ஒளிப்படங்களின் நகலேற்றத்தையும் வாட்ஸ்அப் உரையாடல்களின் நகலேற்றத்தையும் வைஃபைக்கு மட்டும் வரையறுத்தல் நன்று. வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பகமும் தரவும் என்னும் பகுதியில், படம், ஒலி, காணொளி, ஆவணம் ஆகியவற்றுள் எவை தாமே இறங்கலாம் என்பதை மொபைல் டேட்டாவுக்கும் வைஃபைக்கும் வெவ்வேறாகக் குறிக்கலாம். காணொளிக்குரிய குறியை நீக்கிவிட்டால், வேண்டியதைத் தொட்டபோது மட்டும் அது இறங்கும்.

ஐந்தாவதாக, தரவுச் சேமிப்பு விசையை இயக்கலாம். இது எல்லாச் செயலிகளின் பின்னணித் தரவையும் ஒருங்கே தடுத்துவிடும். விலக்கு அளிக்கப்பட்ட செயலிகள் மட்டும் தொடர்ந்து இயங்கும். மின்னஞ்சல், செய்திச் செயலி ஆகிய இன்றியமையாதவற்றிற்கு விலக்கு அளித்துவிட்டுப் பின்னர் இவ்விசையை இயக்குதல் முறையாகும்.

ஆறாவதாக, கைப்பேசியின் இணைப்பைக் கணினிக்குப் பகிர்ந்து கொடுப்பவர்கள் சிறப்பாகக் கவனம் செலுத்த வேண்டும். கைப்பேசி வழியே வரும் இணைப்பைக் கணினி வைஃபை என்றே கருதுகிறது. எனவே நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவுள்ள புதுப்பிப்புகளைத் தயக்கமின்றி இறக்கத் தொடங்குகிறது. விண்டோஸ் கணினியில் அவ்விணைப்பை அளவுக்குட்பட்ட இணைப்பாகக் குறிக்கும் வசதி 2012ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 8 முதல் உள்ளது. அக்குறியை இட்டால் கணினியும் சிக்கனத்தைக் கடைப்பிடிக்கும்.

இவையன்றி, இரவில் உறங்கச் செல்கையில் தரவு இணைப்பையே அணைத்துவைப்பது எல்லாவற்றினும் எளிய வழியாகும். அந்நிலையிலும் சாதாரணத் தொலைபேசி அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் தடையின்றி வரும். இணையவழி அழைப்புகள் மட்டும் வாரா.

செய்யத்தகாதவை

சிக்கனத்தை எண்ணிப் பாதுகாப்பைக் கைவிடலாகாது. இயக்க அமைப்பின் பாதுகாப்புத் திருத்தங்களையும், வங்கி மற்றும் பணம் செலுத்தும் செயலிகளின் புதுப்பிப்புகளையும் முற்றும் நிறுத்துவது, பூட்டைப் பழுது பார்க்கும் கூலியை மிச்சப்படுத்தி வீட்டைத் திறந்து வைப்பது போன்றது. புதுப்பிப்பின் நேரத்தையும் இணைப்பையும் மாற்றியமைக்கலாமேயன்றி அதை ஒழித்துவிடக் கூடாது.

அவசரச் செய்திகள் வாராமற்போகுமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. வங்கிகள் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வருமிடத்து, அதற்குத் தரவு இணைப்பு தேவையில்லை. 2023ஆம் ஆண்டில் தொலைத்தொடர்புத் துறை தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துடன் சேர்ந்து சோதித்த எச்சரிக்கை முறை, ஒரு வட்டாரத்திலுள்ள கைப்பேசிகள் அனைத்துக்கும் கோபுரத்திலிருந்து நேரே ஒலிபரப்பப்படுவது. அதுவும் சந்தாதாரரின் தரவளவைத் தொடுவதில்லை.

'தரவை மிச்சப்படுத்தித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் பிற நிறுவனச் செயலிகளிடம் எச்சரிக்கை வேண்டும். இத்தகைய செயலி தன் வேலையைச் செய்வதற்குக் கைப்பேசியின் தொடர்பு அனைத்தும் தன் வழியே செல்லுமாறு அமைத்துக்கொள்கிறது. ஆகவே உபயோகிப்பவர் எங்கே செல்கிறார், எதைத் திறக்கிறார் என்பது அதற்குத் தெரியவரும். ஓனாவோ என்னும் நிறுவனம் தரவைச் சிக்கனப்படுத்தும் செயலியின் மூலம் பெயர்பெற்றது. 2013ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் அதை வாங்கிக்கொண்டது. அதன் பின்னர் அப்பெயரில் பாதுகாப்புச் செயலியாக வழங்கப்பட்டது, உபயோகிப்போரின் நடவடிக்கை விவரங்களைத் திரட்டி ஃபேஸ்புக்கின் வியாபார ஆராய்ச்சிக்கு அளித்தது. 2018ஆம் ஆண்டில் ஆப்பிள் கடையிலிருந்து அது நீக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நீதிமன்றம், இதனை மக்களுக்குச் சரிவரத் தெரிவிக்கவில்லை என்ற காரணத்தால், சம்பந்தப்பட்ட இரு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கைப்பேசியிலேயே அமைந்துள்ள விசைகள் போதுமானவையாக இருக்கையில் அந்நியரின் துணை எதற்கு?

அண்மையில் திறந்த செயலிகளை ஓயாமல் விரலால் தள்ளி மூடும் பழக்கமும் பலரிடம் காணப்படுகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இதனால் ஒத்திசைவும் அறிவிப்பும் பொதுவாக நிற்பதில்லை. மறுபடி திறக்கும்போது செயலி யாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டியிருப்பதால் வேலை கூடுவதும் உண்டு. வேண்டாத செயலியை மூடுவதைவிட அதை நீக்கிவிடுவதே மேல்.

சந்தாதாரருக்குள்ள உரிமைகள்

சந்தாதாரரின் நலனைக் காப்பதற்கு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சில விதிகளை வகுத்துள்ளது. 2015ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, சந்தாதாரரின் வெளிப்படையான இசைவின்றி அவரது எண்ணில் இணையச் சேவையைத் தொடங்கலாகாது. 1925 என்னும் கட்டணமற்ற எண்ணின் வாயிலாக அச்சேவையைத் தொடங்கவும் நிறுத்தவும் வழி செய்யப்பட்டது. தரவளவில் பாதியும், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கும், முழுவதும் தீரும்போது சந்தாதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதியாகும். பலர் இவ்வறிவிப்புகளைப் படியாமலே அழித்துவிடுகின்றனர். பாதியளவு தீர்ந்தது என்னும் செய்தி காலை பத்து மணிக்கே வருமாயின், அன்று பின்னணியில் பெரிய வேலை ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அப்போதே செயலிகளின் பட்டியலைப் பார்த்தால் காரணம் வெளிப்பட்டுவிடும்.

ஆயினும் விதிகள் எச்சரிக்கை தருவதோடு நின்றுவிடுகின்றன. ஒரு செயலி எவ்வளவு தரவைத் தன் காரியத்திற்காகச் செலவிடலாம் என்பது, இன்றும் பெரும்பாலும் அச்செயலியை அமைத்தவரின் விருப்பத்தையும், கைப்பேசியுடன் வந்த அமைப்புகளையுமே பொறுத்திருக்கிறது. அவ்வமைப்புகள் வேகமான இணைப்பும் அளவற்ற தரவும் உள்ளவரை மனத்திற்கொண்டு அமைந்தவை. நாளளவை எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்கு அவை பொருந்துவனவாகா. அவற்றை மாற்றும் அதிகாரம் உரிமையாளரிடம் உள்ளது. ஒரு வாரம் அளவிட்டு, அரைமணி நேரம் செலவிட்டு, மேற்கூறிய விசைகளைத் தம் தேவைக்கேற்ப ஒருமுறை அமைத்துக்கொண்டால் போதும். படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டிலிருப்பின், முதியோரின் கைப்பேசிகளுக்கும் அவரே இவ்வுதவியைச் செய்துவிடலாம். மாலையில் விண்ணப்பம் அனுப்ப வேண்டியவருக்கு அவ்வேளையில் தரவு இருக்கும்.